பசியை அடக்க ஊசியா?



எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நிறை 78 கிலோ. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறித்த கை. ஆறு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் சேர்ந்துகொண்டது. முழங்கால் நோவினால் மலையேற முடியவில்லை. அரைப்பேரோடு திரும்பும் நாட்களே அதிகம்.

டவுனிலுள்ள டொக்டர் ஒருவர், கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசி ஒன்று இருக்கிறது, நிறை குறையும், சீனியும் இறங்கும் என்று சொன்னாராம். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள், “காசப் பத்தி யோசிக்காதீங்கம்மா, நான் அனுப்புறேன்” என்கிறாள். மாமியாரோ அடுப்படியில் இருந்தபடியே ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: “சோறு இல்லாம செத்த லயத்துல, பசி எடுக்காம இருக்க ஊசியா?”

அந்த வார்த்தைக்குப் பிறகு தமக்கு நித்திரை இல்லை என்கிறார் அந்தத் தாய். “பாதர், இது பாவமா? என் வாயைக் கட்ட முடியாத குற்றத்துக்கு என் பிள்ளையின் உழைப்பைச் செலவழிக்கலாமா?” என்று கேட்கிறார்.

கேள்விகள் இரண்டு. மருந்து பாவமா என்பது ஒன்று. செலவு நியாயமா என்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் மனச்சாட்சி கலங்குகிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த மாமியாரின் வார்த்தை. அதைக் கிழவியின் முணுமுணுப்பு என்று தள்ளிவிட எமக்கு உரிமை இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு இந்த நாட்டில் எல்லாரையும் தாக்கியது. ஆனால் தோட்டத்து மக்களைத் தாக்கியதுபோல வேறெவரையும் தாக்கவில்லை. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. வயல் இல்லை, சொந்த நிலம் இல்லை, ஓடிப்போக ஒரு கிராமமும் இல்லை. தோட்டங்களில் மரண விகிதம் ஏறியது. பலர் டவுன்களில் கையேந்தினார்கள். பலர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கப்பலேறினார்கள். அன்று அந்தப் பாட்டி பத்து வயதுச் சிறுமி. பலாக்கொட்டையையும் மரவள்ளிக் கிழங்கையும் அவித்துத் தின்று பிழைத்த பிள்ளைக்கு, பசி என்பது அடக்கவேண்டிய ஒன்றல்ல, ஆற்றவேண்டிய ஒன்று. சோற்றுக்கு முன் அவர் கும்பிடுவதன் பொருள் எமக்கு முழுவதும் விளங்காது.

ஆனால் அதே பசிதான் இன்று மருமகளின் உடம்பில் வேறொரு வேஷத்தில் நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர், நிக்கலஸ் ஹேல்ஸ் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 1992ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி வளரும் சிசுவின் உடல், பஞ்சத்தை எதிர்பார்த்தே தன்னை அமைத்துக்கொள்கிறது. பின்னாளில் உணவு தாராளமாகக் கிடைத்தால் அதே உடல் சீனி வருத்தத்துக்கு எளிதில் இரையாகிறது என்பதே அது. புனே நகரில் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். அங்கே சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இத்தனை மெலிந்து பிறந்தும், எங்கள் இனத்துக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்புக் குறைந்திருக்கவில்லை. இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையில் ஆசிய மக்களுக்கெனக் கீழான எச்சரிக்கை அளவுகளையும் குறித்தது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 23ஐத் தாண்டினாலே எமக்கு எச்சரிக்கை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். கடிதம் எழுதிய தாயின் எண் ஏறத்தாழ 35.

2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். ஒரே லயத்தில், ஒரே அடுப்பைச் சுற்றி, வளராத பிள்ளையும் பருத்த தாயும் உட்கார்ந்திருப்பதை நான் வீடு சந்திக்கப் போகும்போது கண்டிருக்கிறேன். காலையில் கோதுமை மா ரொட்டி, மலையில் சீனி போட்ட சாயத்தண்ணி, மாலையில் மறுபடியும் ரொட்டி. வயிறு நிறைகிறது, உடல் போஷிக்கப்படுவதில்லை. இது அந்தத் தாயின் வாய் செய்த குற்றமா? நூற்றைம்பது வருடச் சம்பளப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இனி பாவம் என்ற சொல்லுக்கு வருவோம்.

சிறு வயதில் மறைக்கல்வியில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தோம். அவற்றில் போசனப்பிரியம் ஒன்று. பருத்தவரைக் கண்டதும் அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. ஆனால் திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. பெரிய கிரகோரியார் போசனப்பிரியத்துக்கு ஐந்து வழிகளைக் காட்டினார்: நேரத்துக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவேசத்தோடு உண்பது, பக்குவத்தில் குறைபிடித்து இன்னது வேண்டும் என்று அலட்டுவது. இந்த ஐந்தில் ஒன்றேனும் தராசில் ஏறி நிற்பதல்ல. ஊசிபோல மெலிந்த கனவான் ஒருவர், கறியில் உப்புக் குறைந்ததற்காக மனைவியின் முகத்தில் கோப்பையை எறிந்தால், போசனப்பிரியம் அவரிடத்தில்தான் இருக்கிறது.

புனித தோமஸ் அக்குவினாரும், பாவம் உணவில் இல்லை, ஒழுங்கு தவறிய ஆசையில் இருக்கிறது என்றே எழுதினார். அவர் பருத்த உடலினர் என்று அவரைப் பற்றிய மரபு சொல்லுகிறது. எங்கள் பங்கில் அவர் பூசை வைத்திருந்தால், பின்வாங்கில் இருப்பவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! எம் ஆண்டவரையே சாப்பாட்டுப் பிரியர் என்று ஏசினார்கள் அல்லவா? பிறருடைய தட்டைப் பார்த்து ஆன்மாவை எடைபோடும் வியாதி அன்றே இருந்தது.

அந்தப் பாவத்துக்கு எதிரான புண்ணியத்துக்கு எமது முன்னோர் வைத்த பெயர் மட்டசனம். மட்டான அசனம், அதாவது அளவான உணவு. பட்டினி அல்ல, மெலிவும் அல்ல. அளவு. கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இந்தப் புண்ணியத்தைப் பற்றிப் பேசும்போது, உணவு, மது, புகையிலை ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்தே சொல்லுகிறது. மருந்திலும் அளவு வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஊசியைப் பார்ப்போம்.

நாம் உண்டவுடன் குடலிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து, “போதும்” என்று மூளைக்கு அறிவிக்கிறது. சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. அதையொத்த, ஆனால் ஒரு கிழமை நின்று வேலை செய்யும் பொருளே செமாகுளூட்டைட். ஒசெம்பிக் என்ற பெயரில் சீனி வருத்தத்துக்கு 2017ஆம் ஆண்டிலும், வெகோவி என்ற பெயரில் நிறை குறைப்புக்கு 2021ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மௌஞ்சாரோ என்னும் டிர்செபட்டைட் பின்னர் வந்தது. இரண்டும் 2025ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. அது சீனி வருத்தத்தோடு இருதய நோய் அல்லது சிறுநீரக நோயும், அத்தோடு உடற்பருமனும் உள்ளவர்களுக்காக.

பலன் உண்மையானது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், சீனி வருத்தம் இல்லாதவர்கள் 68 கிழமைகளில் சராசரியாகத் தங்கள் நிறையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை இழந்தார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் குறைவு இதைவிடக் கணிசமாகச் சிறியது. இருதய நோய் உள்ள பருத்தவர்கள் 17,604 பேரை வைத்து நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பாரிசவாதம், இருதய மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இது அழகுச் சாதனம் அல்ல, மருந்து என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்கவேண்டும். ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு உண்டு. பித்தக்கல்லும், அபூர்வமாகக் கணைய அழற்சியும் வரலாம். கர்ப்பிணிகளும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைரொயிட் புற்றுநோய் உள்ளவர்களும் இதை எடுக்கலாகாது. கொழுப்போடு தசையும் கரைகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. முதுகில் கொழுந்தோடு சரிவில் ஏறும் பெண்ணுக்குத் தசைதான் முதல். பசி இல்லையென்று சாயத்தண்ணியோடு மலைக்குப் போனால், உச்சி வெயிலில் தலைசுற்றி விழுவார். இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசையோ எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கும் ஆபத்தும் உண்டு. டொக்டர் அவற்றின் அளவை மாற்றித் தரவேண்டும். ஆகவே இந்த ஊசி எடுப்பவர் குறைவாக உண்டாலும் பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை என்று நல்லதாக உண்ணவேண்டும்.

இங்கே பக்தியுள்ள சிலர் கேட்பார்கள்: “மனதை அடக்கிச் செய்யவேண்டியதை ஊசி செய்துவிட்டால், அதில் புண்ணியம் எங்கே?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கசிப்புக் குடித்துக் குடும்பத்தை அழித்த ஒரு தகப்பன், ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்தின் உதவியோடு அதை விட்டுவிட்டு வருகிறார். கோயில் வாசலில் அவரைக் கண்டால் என்ன சொல்லுகிறோம்? “மருந்தால்தானே விட்டாய், இதில் உனக்கு என்ன பெருமை?” என்றா கேட்கிறோம்? கையைப் பிடித்துச் சந்தோஷப்படுகிறோம். அவருக்கு நடுக்கம் நின்றதே தவிர, கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு மாலையும் அவருடைய சொந்தப் போராட்டம்தான். பருத்த பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்த இரக்கத்தை மறுக்கிறோம்? மருந்து வயிற்றின் கூச்சலைத் தணிக்கும். எதை உண்பது, யாரோடு பகிர்வது, மீந்த பலத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அது சொல்லித் தராது. மட்டசனம் செய்யவேண்டிய வேலை அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கிறது.

ஆகவே, நோய்க்காக, அறிந்த டொக்டரின் கண்காணிப்பில் இந்த ஊசியை எடுப்பது பாவம் அல்ல, வெட்கமும் அல்ல. சீனிக் குளிசை எடுப்பது எப்படியோ, இதுவும் அப்படியே.

ஆனால் எல்லாருக்கும் இதே பதில் அல்ல. அதே உயரமும் 52 கிலோ நிறையும் உள்ள ஓர் இளம்பெண், கலியாணச் சேலையில் இன்னும் மெலிவாகத் தெரியவேண்டும் என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுவேன். அவளுடைய நோய் உடம்பில் இல்லை; அவளைப் பார்ப்பவர்களின் கண்ணில் இருக்கிறது. ஊசி போடவேண்டுமானால், “பிள்ளை கொஞ்சம் தடிப்பு” என்று சொல்லிச் சீதனத்தை உயர்த்தும் மாப்பிள்ளை வீட்டாருக்கே போடவேண்டும். உடலைப் பேணுவது கடமை. உடலை வழிபடுவது விக்கிரக ஆராதனை.

இன்னொரு எச்சரிக்கை. அழகு நிலையத்திலும் கைத்தொலைபேசி விளம்பரத்திலும் மலிவு விலைக்கு வரும் எதையும் தொடாதீர்கள். போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. மூலிகை என்று விற்கப்பட்ட மெலிவுக் குளிசைகளில் சிபுட்ரமின் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மாரடைப்பை உண்டாக்கும் என்று 2010ஆம் ஆண்டிலேயே சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து. அதற்கு முன் பென்ஃபுளூரமின் இருதய வால்வுகளைக் கெடுத்து 1997ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இந்த வரலாற்றை அறிந்தவர், எங்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபையின் அனுமதியும் டொக்டரின் சீட்டும் இல்லாத எதையும் உடம்பில் ஏற்றமாட்டார்.

இப்போது இரண்டாவது கேள்வி: மகளின் காசு.

இந்த மருந்து 2025 ஜூனில் இந்தியாவில் நிறை குறைப்புக்கென்று விற்பனைக்கு வந்தபோது, தொடக்க அளவுக்கே மாதம் ஏறத்தாழ 17,000 இந்திய ரூபாய். பின்னர் அங்கே விலை இறக்கப்பட்டது, இன்னும் இறங்கலாம். ஆனால் 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த எமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 இலங்கை ரூபாயாகவே இருந்தது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுத்தினால் நிறை திரும்பும் மருந்து என்பதால், இது ஒரு மாதச் செலவும் அல்ல, வருடக்கணக்கானது. மகள் குவைத்தில் எத்தனை வருடம் இருப்பாள்?

பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1957 நவெம்பர் 24ஆம் திகதி மருத்துவர்களுக்கு ஒரு விளக்கம் அளித்தார். உயிரையும் சுகத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள நாம் கடமைப்பட்டிருக்கிறோம்; எமக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகும் வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்பதே அதன் சாரம். மூச்சு இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. என்றாலும் லயத்து அடுப்படிக்கும் பொருந்தும். ஒரு குடும்பத்துக்குச் சாதாரணமானது இன்னொரு குடும்பத்துக்குப் பெரும் பாரம்.

எனவே, அன்பான தாயே, உங்களுக்கு எமது பதில் இது.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போங்கள். இலவசமாகக் கிடைக்கும் மெட்போமின் போன்ற மருந்தும், பிரஷர் மருந்தும், உணவு ஆலோசனையும் சரிவரக் கிடைத்து, அவற்றைத் தவறாமல் எடுத்தும் போதவில்லையா என்று கேளுங்கள். அதுவே சாதாரண வழி. அதை விடுவது சரியல்ல. அது போதாது, ஊசி வேண்டும் என்று டொக்டர் சொன்னால், மூன்று விடயங்களைக் கேட்டு அறியுங்கள்: எவ்வளவு காலம், மாதம் எவ்வளவு, நடுவில் காசு நின்றால் என்ன செய்வது. பிறகு மகளோடு பேசுங்கள். “நான் அனுப்புறேன்” என்பது அன்பின் வார்த்தை. கணக்குப் பார்த்த வார்த்தை அல்ல. தன் எதிர்காலத்துக்கென்று அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பது எவ்வளவு, அதில் எவ்வளவு போகும் என்று அவளே சொல்லட்டும். அவளால் முடியுமென்றால், அவள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் அன்பை ஏற்றுக்கொள்வதும் ஒரு தாழ்ச்சிதான். நீங்கள் காலோடும் கண்ணோடும் இன்னும் இருபது வருடம் இருப்பது அவளுக்கும் ஆதாயம். அவளால் முடியாதென்றால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் உங்களுக்கு உண்டு. அப்படி மறுப்பதும் பாவம் அல்ல. எதைத் தெரிந்தாலும் குற்ற உணர்வோடு தெரியவேண்டாம்.

உங்கள் மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, நீங்கள் சொன்னது சரி. சோறு கடவுளின் கொடை, அதை அவமதிக்கக் கூடாது. ஆனால் உங்கள் மருமகள் சோற்றை வெறுக்கவில்லை. அன்று உங்களைத் தின்ற பசிதான் இன்று சீனி வருத்தமாக வந்து இவரைத் தின்கிறது. அன்று உங்களுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்திருக்கவேண்டியது எப்படி ஒரு கடமையோ, இன்று இவருக்கு மருந்து கிடைக்கச் செய்வதும் அப்படிப்பட்ட கடமையே.

வாசகர்களே, எஞ்சியிருப்பது எமது பங்கு. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பருத்த ஒரு பெண்ணைக் கண்டு வாய்க்கு வரும் அந்தப் பகிடியை விழுங்கிவிடுங்கள். அவ்வாறு வாயைக் கட்டுவதற்கு எந்த டொக்டரிடமும் ஊசி இல்லை.